நடுநிலை என்றொரு நாடகம்

"வாங்கமாட்டோம்!"

ஒரே ஒரு சொல். வாளேந்தியவன் வாயிலிருந்து வந்த சொல்லன்று; அரியணைக்கு உரிமை கோரியவன் சொல்லுமன்று. உடுத்தியிருப்பது கந்தலாயினும், மாற்றுத் துணிக்குக் கையில் காசு இருந்தும், கடைவாயிலில் நின்றுகொண்டு, "இந்த விலைக்கு வாங்கமாட்டோம்" என்று கூறினர் மக்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கடலுக்கு அப்பாலுள்ள பேரரசு பதைத்தது. முதலில் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு கைகுலுக்கிற்று. பிறகு துப்பாக்கியைத் தூக்கிற்று. கடைசியில் விசாரணைக் குழு அமைத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டது.

இது நடந்தது 1948ஆம் ஆண்டில். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில். வெள்ளையர் 'கோல்டு கோஸ்ட்' என்று பெயரிட்டு அழைத்த, பொன்னும் கொக்கோவும் விளையும் மண்ணில். இன்று அந்நாட்டின் பெயர் கானா.

ஆதிக்கக்காரன் அடிப்பான், சுடுவான், சிறையிலடைப்பான் என்பதை எல்லோரும் அறிவர். அதைச் சொல்லிக்காட்ட ஏடு தேவையில்லை. அவன் அடிப்பதற்கு முன்பு என்ன செய்கிறான் என்பதைத்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டும். அடிப்பதற்கு முன்பு அவன் 'நடுநிலை' வகிக்கிறான். "வணிகன் விற்கிறான், நீ வாங்குகிறாய், இடையிலே எனக்கென்ன வேலை?" என்று கேட்கிறான். கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும் அந்தப் பேச்சுத்தான் துப்பாக்கியைவிடப் பெரிய சூழ்ச்சி. கோல்டு கோஸ்ட்டின் கதையை நாம் இங்கு எடுத்துக்கொண்டது அதைக் காட்டுவதற்காகவே.

அங்கே விற்றவர் யார்? வாங்கியவர் யார்?

விற்றவர்களுள் முதல்வன் யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி. 1929இல் பிறந்து, யூனிலீவர் எனும் பெருநிறுவனத்தின் மடியில் வளர்ந்த குழந்தை. அதனோடு வேறு சில ஐரோப்பியக் கம்பெனிகள். கொக்கோவை வாங்குவோரும் அவர்களே. துணியையும் தகர உணவையும் கருவிகளையும் விற்போரும் அவர்களே. உழவன் விளைவித்ததை அவர்கள் சொன்ன விலைக்கு விற்க வேண்டும். அந்தக் காசைக் கொண்டுபோய் அவர்கள் சொன்ன விலைக்குத் துணி வாங்க வேண்டும். வலக்கையால் கொடுத்து இடக்கையால் பறித்துக்கொள்ளும் வித்தை இது.

இதை அம்மக்கள் முன்னரே ஒருமுறை எதிர்த்தனர். 1937ஆம் ஆண்டின் இறுதியில், கொக்கோ வாங்கும் கம்பெனிகள் தமக்குள் போட்டியில்லாமல் பங்கு பிரித்துக்கொள்ள ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சேதி வெளியே தெரிந்தது. உழவர்கள் கொக்கோவை விற்க மறுத்தனர். கம்பெனிச் சரக்குகளையும் தொட மறுத்தனர். மாதக்கணக்கில் மூட்டைகள் தேங்கின. இலண்டன், நோவெல் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. 1938 ஏப்ரலில் தற்காலிக உடன்பாடு ஏற்பட்டது. கல்லூரி வாசலை மிதித்திராத உழவன், உலகச் சந்தையை ஆட்டிவைத்தவர்களை ஆறு மாத காலம் அமைதியாக அசைத்துக் காட்டினான்.

பின்னர் வந்தது இரண்டாம் உலகப்போர். கப்பல்கள் குறைந்தன, சரக்குகள் சுருங்கின. இறக்குமதிக்கு உரிமம் வழங்கவேண்டிய பொறுப்பு அரசின் கைக்கு வந்தது. அரசு என்ன அளவுகோலைக் கையாண்டது? போருக்கு முன்பு யார் எவ்வளவு இறக்குமதி செய்தாரோ, அந்த விகிதப்படி பங்கு! அதாவது, பெருத்தவனுக்குப் பெரும்பங்கு, இளைத்தவனுக்கு எலும்பு, புதிதாகத் தொழில் தொடங்க வந்த ஆப்பிரிக்க வணிகனுக்குக் கதவடைப்பு. கம்பெனிகள் கூடி அமைத்த மேற்கு ஆப்பிரிக்க வணிகர் சங்கம் சந்தையைக் கையிலே வைத்துக்கொண்டது.

கம்பெனியில் கணக்குப் புத்தகம் பெற்ற வியாபாரிக்கே சரக்கு கிடைக்கும். அவனுக்கும் எளிதில் கிடைக்காது. தேவையான துணி வேண்டுமா? அப்படியானால் தேங்கிக் கிடக்கும் வேறு சரக்கையும் சேர்த்து வாங்கு என்று தலையில் கட்டுவர். அந்த நட்டத்தையும் துணியின் விலையில் ஏற்றித்தான் சில்லறைக் கடைக்காரன் விற்பான். போர் 1945இல் முடிந்தது. விலையின் போர் முடியவில்லை. மற்றொரு புறம், நோய்கண்ட கொக்கோ மரங்களை வெட்டியெறியுமாறு அரசு ஆணையிட்டது. நோய் உண்மை, மருந்தில்லை என்பதும் உண்மை. ஆனால் தன் கண்முன் தன் மரம் சாய்வதைக் கண்ட உழவனுக்கு, அதை வெட்டுபவனிடம் நம்பிக்கை எப்படிப் பிறக்கும்?

இந்த நிலையில்தான் அக்ரா நகரில் நீயி குவாபெனா போனே என்பவர் எழுந்தார். 'நீயி' என்பது கா இனத் தலைவர்களுக்குரிய பட்டம். அவர் தலைவர் மட்டுமல்ல, வணிகமும் அறிந்தவர். சரக்கின் அடக்கவிலை இன்னது, விற்கும் விலை இன்னது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். விலையேற்ற எதிர்ப்புக் குழு ஒன்றை அமைத்தார். "விலையைக் குறையுங்கள், இல்லையேல் உங்கள் சரக்கை வாங்கமாட்டோம்" என்று கம்பெனிகளுக்குக் கெடு வைத்தார். கெடு கடந்தது. 1948 ஜனவரியின் கடைசி நாட்களில் புறக்கணிப்புத் தொடங்கிற்று. ஊர்த்தலைவர்கள் ஆதரித்தனர், சந்தைப் பெண்கள் துணைநின்றனர். கட்டுப்பாட்டை மீறியவர்களுக்குச் சில இடங்களில் தண்டமும் விதிக்கப்பட்டது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு நாடே கடைவாசலில் நின்று தலையை அசைத்து மறுத்தது என்பதுதான் பேருண்மை.

இனி, அரசு போட்ட வேடங்களைப் பார்ப்போம்.

முதல் வேடம், நடுநிலையாளன். இது வணிகருக்கும் வாங்குவோருக்கும் இடையிலுள்ள வழக்கு என்று அரசு ஒதுங்கி நின்றது. ஒதுங்கி நிற்பவனைப் பார்த்து நாம் கேட்கிறோம்: யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிக் கொடுத்த கை எவருடையது? பெருத்தவனை மேலும் பெருக்கவைத்த உரிமத் தாளில் இருந்த முத்திரை எவருடையது? தராசின் ஒரு தட்டிலே கல்லை வைத்துவிட்டு, பின் கையைக் கட்டிக்கொண்டு, "நான் தராசைத் தொடவேமாட்டேன்" என்று கூறுவது நடுநிலையா? தொடாமலிருப்பதே அப்போது ஒருதலைச் சார்பு!

இரண்டாம் வேடம், நாட்டாண்மைக்காரன். வாரங்கள் கடந்தன, புறக்கணிப்புத் தளரவில்லை. பிப்ரவரியில் அரசின் முன்னிலையில் கம்பெனிகளும் தலைவர்களும் கூடிப் பேசினர். கம்பெனிகள் தம் மொத்த இலாப விகிதத்தை நூற்றுக்கு 75 என்பதிலிருந்து 50 என்று, மூன்று மாத காலம் சோதனையாகக் குறைப்பதென்று முடிவாயிற்று. பிப்ரவரி 28ஆம் நாள் புறக்கணிப்பை விலக்கிக்கொள்வதென்றும் முடிவாயிற்று.

75, 50 ஆகிறது! சேதி ஊரெங்கும் பரவியது. விலை பாதியாகப் போகிறது என்று மக்கள் நம்பினர்.

இங்கே நாம் கரும்பலகையை நோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரு துணியின் அடக்கவிலை 100 ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 75 இலாபம் என்றால் விற்பனை விலை 175. நூற்றுக்கு 50 என்றால் விற்பனை விலை 150. குறைந்தது எவ்வளவு? 175இல் 25, ஏழில் ஒரு பங்கு! அதுவும் எல்லாச் சரக்குக்கும் ஒரே சீராக அன்று, மொத்தக் கணக்கில். பாதி எங்கே, ஏழில் ஒரு பங்கு எங்கே? இந்தச் சின்னஞ்சிறு கணக்கைச் சந்தையிலே நிற்கும் தாய்க்குப் புரியும்படி எடுத்துச் சொல்வார் இல்லை. பிப்ரவரி 28, சனிக்கிழமை. ஒரு மாதம் பொறுத்திருந்த மக்கள் காசுடன் கடைக்குச் சென்றனர். விலையைக் கேட்டனர். ஏமாந்தோம் என்று எண்ணினர்.

அதே நாள், அதே நகரில், வேறொரு ஊர்வலம். போரிலிருந்து திரும்பிய வீரர்கள் நடந்தனர். கோல்டு கோஸ்ட்டிலிருந்து ஏறத்தாழ 65,000 பேர் பிரிட்டனுக்காகப் படையில் சேர்ந்திருந்தனர். அவருள் பலர் பர்மாக் காடுகளில் சப்பானியரோடு பொருதவர்கள். உரிமைக்காகப் போர் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவனுக்கு வேலையில்லை, உதவித்தொகை போதவில்லை. ஆளுநரிடம் விண்ணப்பம் தர அவர்கள் கிளம்பினர். புறக்கணிப்புக்கும் இந்த ஊர்வலத்துக்கும் ஏற்பாட்டில் தொடர்பில்லை. ஆயினும் வெறுங்கையோடு வீடு திரும்பிய வீரனும், வெறுங்கூடையோடு கடையிலிருந்து திரும்பிய பெண்ணும் ஒரே அரசைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டனர்.

ஊர்வலம் அனுமதித்த வழியை விட்டு, ஆளுநர் வாழும் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நோக்கித் திரும்பியது. நாற்சந்தியிலே ஒரு சிறு போலீஸ் அணி மறித்தது. அதன் தலைவர் இம்ரே எனும் ஆங்கில அதிகாரி. சுட ஆணையிட்டும் காவலர் சுடாதிருக்க, அவரே துப்பாக்கியைப் பற்றிச் சுட்டார். மூன்று வீரர்கள் வீழ்ந்தனர்: சார்ஜண்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிப்போ, பிரைவேட் ஒடார்ட்டே லாம்ப்டி. பகைவன் குண்டுக்குத் தப்பிப் பிழைத்து வந்தவர்கள், தாம் காத்த பேரரசின் குண்டுக்குப் பலியாயினர்.

அரசின் மூன்றாம் வேடம் இதுதான். நடுநிலையாளன் நாட்டாண்மைக்காரனானான், நாட்டாண்மைக்காரன் நாற்சந்தியில் கொலைகாரனானான்.

நகரம் பொங்கிற்று. கம்பெனிக் கடைகள் எரிந்தன, சூறையாடப்பட்டன. சிறைக்கதவு உடைபட்டது. தீ குமாசி வரை பரவிற்று. அடங்கியபோது மாண்டவர் 29 பேர். காயமுற்றவர் 237 பேர். எரிந்தவற்றுள் சிரியர், லெபனானியர் கடைகளும் இருந்தன. இதை எண்ணி நாம் மகிழவில்லை, மகிழக்கூடாது. உரிமம் எழுதிய அறை கோட்டைக்குள் இருந்தது. எரிந்ததோ தெருவில் கண்ணுக்குத் தெரிந்த கடை. பகை ஏகபோகத்தோடு இருக்க வேண்டும். கடைக்காரன் தோலின் நிறத்தோடும் அவன் பிறந்த நாட்டோடும் அன்று. இந்த வேறுபாட்டை மறக்கும் கிளர்ச்சி, தன் கையாலேயே எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறது.

எதிரி ஆயுதத்தை எடுத்துக்கொண்டான். நான்காம் வேடம், பேயோட்டி.

மார்ச்சு முதல் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஏடுகளுக்குத் தணிக்கை வந்தது. ஆளுநர் சர் ஜெரால்டு கிரீசி, நாட்டுக்கு வந்து இரண்டு மாதங்கூட நிறையாதவர், கலகத்துக்குப் பின்னால் பொதுவுடைமைச் சதி இருக்கிறது என்றார். மார்ச்சு 12ஆம் நாள் ஐக்கிய கோல்டு கோஸ்ட் மாநாட்டுக் கட்சியின் தலைவர்கள் ஆறு பேரைப் பிடித்தனர்: குவாமே நிக்ருமா, டான்குவா, அக்குஃபோ அட்டோ, ஒபெட்செபி லாம்ப்டி, ஏக்கோ அட்ஜெய், வில்லியம் ஒஃபோரி அட்டா. வடபகுதிக்குக் கொண்டுபோய் அடைத்தனர்.

புறக்கணிப்பை நடத்தியவர் நீயி போனே. பிடிபட்டவர்கள் வேறு பேர்! விலையை உயர்த்தியவன் வெளியே. விலை உயர்ந்ததைப் பேசியவன் உள்ளே.

தோழர்களே! இந்த இடத்தில் சற்று நின்று சிரிக்கலாம். ஆப்பிரிக்கன் ஆவியை நம்புகிறான், மரத்திலே பேய் குடியிருப்பதாக எண்ணுகிறான், அவனுக்கு அறிவொளி ஊட்டவே நாங்கள் கடல் தாண்டி வந்தோம் என்று மார்தட்டியவர்கள் வெள்ளை அதிகாரிகள். அவர்கள் கண்முன்னால் துணியின் விலைச்சீட்டு தொங்கிற்று, அதைப் பார்க்கவில்லை. ஓய்வுவீரனின் கையில் விண்ணப்பம் இருந்தது, அதைப் படிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் தள்ளிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத சதிப்பேயைக் கண்டு அலறினர்! பூசாரி உடுக்கடிப்பான்; இவர்கள் வானொலியில் பேசினர். வேறுபாடு கருவியில்தான், கருத்தில் இல்லை. காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்காமல் காளியின் கோபம் என்பவனும், கலகம் ஏன் வந்தது என்று கேட்காமல் சதி என்பவனும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். காரணத்தை ஆராய்ந்தால் தன் குற்றம் வெளிப்படும் என்று அஞ்சுபவனுக்கு மூடநம்பிக்கை எப்போதும் வசதியான புகலிடம்.

ஐந்தாம் வேடம், நீதிமான். இலண்டன் அனுப்பிய மூவர் குழு, எய்கன் வாட்சன் தலைமையில் வந்தது, சாட்சியங்கள் கேட்டது, அவ்வாண்டே அறிக்கை தந்தது. அறிக்கையில் என்ன இருந்தது? விலைகளைப் பற்றிய மனக்குறை, வெட்டப்பட்ட மரங்கள், வீரர்களின் ஏமாற்றம், ஆட்சியில் பங்கில்லாத படித்தவரின் கசப்பு. மக்கள் கடைவாசலில் நின்று சொன்னவை அனைத்தும் இப்போது அரசாங்கத் தாளிலே அச்சாகி வந்தன. 1946இல் பெருமையோடு வழங்கிய அரசியல் சட்டம் பிறக்கும்போதே காலங்கடந்துபோனது என்று அக்குழுவே ஒப்புக்கொண்டது. பின்னர் ஆப்பிரிக்கர் மட்டுமே அடங்கிய கூசி குழு புதிய அமைப்பைத் திட்டமிட்டது. 1951 பிப்ரவரியில் தேர்தல்; சிறையிலிருந்தபடியே வென்றார் நிக்ருமா; சிறைவாயிலிலிருந்து ஆட்சிமன்றத்துக்கு நடந்தார். 1957 மார்ச்சு 6ஆம் நாள் கானா விடுதலை பெற்றது.

"ஆகவே பேரரசு தன் தவறைத் தானே திருத்திக்கொண்டது பார்த்தீர்களா? எத்தனை பெருந்தன்மை!" என்று வரலாற்று நூல் எழுதும் சிலர் வாழ்த்துப் பாடுகின்றனர். நாம் கேட்பது இதுதான்: அறிக்கையில் அச்சான உண்மைகளுள் எது புதிது? எதை ஜனவரியிலேயே அறிய முடியாதிருந்தது? விலை தெரியாதா? உரிமப் பங்கீடு தெரியாதா? அனைத்தும் அரசின் கோப்புகளிலேயே இருந்தவை. ஜனவரியில் படித்திருக்க வேண்டிய கோப்பை ஜூனில் படிப்பதற்கு 29 உயிர்கள் விலையாக வேண்டுமென்றால், அதற்குப் பெருந்தன்மை என்றா பெயர்?

இன்னொரு வாதமும் உண்டு. "வாங்குவதும் விற்பதும் பொருளாதாரம், அதில் ஏன் அரசியலைக் கலந்தீர்கள்?" என்பர். கலந்தவர் யார்? பங்கு பிரித்து உரிமம் தந்த அன்றே அரசியல் சந்தைக்குள் நுழைந்துவிட்டது. மக்கள் அதைக் கண்டு பெயர் சொல்லி அழைத்தனர், அவ்வளவே. வாங்க மறுப்பவனைத் தண்டிக்கச் சட்டப் புத்தகத்தில் பிரிவில்லை. ஆகவேதான் ஆட்சியாளன் அவனைச் சுற்றியுள்ளவற்றைத் தண்டிக்கிறான்: அவன் கூடிய கூட்டத்தை, படித்த ஏட்டை, நடந்த தெருவை, நம்பிய தலைவனை. புறக்கணிப்புக்கு எந்த அரசு எதைத் தடை செய்கிறது என்று பாருங்கள். அது எதற்கு அஞ்சுகிறது என்பது தானே விளங்கும்.

இந்த அளவுகோலை வெள்ளையனுக்கு மட்டும் வைப்பது பகுத்தறிவாகாது. 1954இல் கொக்கோ உழவனுக்குத் தரும் விலையைச் சட்டத்தால் கட்டிப்போட்டது நிக்ருமாவின் அமைச்சரவையே. உலகச் சந்தையிலே விலை உயர்ந்திருந்த நேரம் அது. நாட்டை வளர்க்கப் பணம் வேண்டும் என்றனர். அந்த நோக்கத்தை நாம் இகழவில்லை. ஆயினும், உயர்ந்த விலையில் தன் பங்கு எங்கே என்று கேட்டு அசாந்தி உழவன் வெகுண்டெழுந்தான். 1937இல் கேட்ட கேள்வியையே அவன் மீண்டும் கேட்டான். கேட்கப்பட்டவரின் நிறம் மாறியதால் கேள்வி தவறாகிவிடுமா? தன்னாட்சி வேண்டும், அதோடு, தன்னாட்சியிடமும் கணக்குக் கேட்கும் துணிவு வேண்டும்.

அக்ராவின் சந்தைப் பெண் நமக்கு இரண்டைக் கற்பித்துச் சென்றாள்.

ஒன்று, 'நடுநிலை' என்ற சொல் காதில் விழுந்தவுடன் தராசைப் பாருங்கள். தட்டிலே முன்பே கல் வைத்தவர் யார் என்று கேளுங்கள். நிலமானாலும், துணியானாலும், அரிசியானாலும், கல்வியானாலும், வலியவனுக்கும் எளியவனுக்கும் இடையே கைகட்டி நிற்பவன் வலியவனுக்குக் காவல் நிற்கிறான்.

மற்றொன்று நமக்கே உரியது, கசப்பானது. 75க்கும் 50க்கும் இடையே ஏழில் ஒரு பங்குதான் என்று அந்தத் தாய்க்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் இன்னும் ஒரு மாதம் பொறுத்திருப்பாள். அல்லது அந்த உடன்பாட்டையே வேண்டாமென்று தள்ளியிருப்பாள். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அது அவள் எடுத்த முடிவாக இருந்திருக்கும். முழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கணக்கைக் கற்றுக்கொடுக்காத இயக்கம், மக்களைப் பாதிவழியில் விட்டுச் செல்லும் இயக்கம். மேடையிலே முழங்கும் இளைஞனே, முழங்கு! இறங்கி வந்ததும் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போ. அடக்கவிலை இவ்வளவு, உரிமம் இவனுக்கு, இலாபம் இத்தனை என்று எழுதிக் காட்டு.

கணக்கு அறிந்த மக்கள் "வாங்கமாட்டோம்" என்று சொல்லும் நாளில், நடுநிலை வேடம் எந்த மேடையிலும் எடுபடாது.